இடது கைப்பிடியில் ஓர் அதிர்வு

அண்ணையின் மோட்டார் சைக்கிளில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இந்த ஒரு வசனத்துக்கு வந்து சேர எனக்கு ஒரு முழுக் கோடைகாலம் எடுத்தது. வந்து சேர்ந்த அன்று அதைப் பெரிய வெற்றிச் செய்தியாகக் குசினிக்குள் கொண்டுபோய்ச் சத்தமாகச் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ரொறன்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றை அண்ணை வாடகைக்கு எடுத்திருந்தார். மேலே அவரும் அண்ணியும், கீழே பேஸ்மென்றில் நான். அகதி வழக்கு விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

அண்ணை எனக்குப் பத்து வயது மூத்தவர். கனடாவுக்கும் எனக்குப் பத்து வருடம் முதல் வந்தவர். நகரத்துக்குள் பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஆறு பேராகப் படுத்தெழும்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர். பிறகு கலியாணம், மல்வேர்ன், ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காருக்குள் எரிகிற சின்ன விளக்குகளுக்குத் திருகாணி பூட்டுவது அவருடைய வேலை. அரிசி அளவு ஆணிகள். கண்ணும் கையும் ஒன்றாக ஓடவேண்டும். அண்ணையின் கை அந்த ஃபக்ரறியிலேயே கெட்டிக்காரக் கை என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவர் தானாகச் சொல்லமாட்டார். நான்தான் எங்கள் குடும்பத்தில் வாய்க்காரன்.

பத்துக் குளிர்காலம் பஸ்ஸிலும் அடுத்தவர்களின் வான் வண்டியிலும் வேலைக்குப் போய்வந்த அந்த மனிதர், ஒருநாள் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டு வாசலில் விற்பனைக்கு நின்ற மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. இரட்டைச் சிலிண்டர், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பெற்றோல் தாங்கியின் பச்சை நிறம் வெயிலில் வெளிறிப்போயிருந்தது. அண்ணி மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், ‘சரி, விழுந்தெழும்பாமல் ஓடினால் காணும்’ என்று சொல்லி விட்டுவிட்டா. அண்ணை தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் என்று அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரைக்கும் அதில்தான் ஒஷாவாவுக்குப் போய்வருவார். போகிற முக்கால் மணித்தியாலமும் வருகிற முக்கால் மணித்தியாலமும் தன்னுடையது என்பார்.

நான் வந்த அடுத்த வருடம் மே மாதக் கடைசியில், வேலையால் வந்தவர் ஹெல்மெற்றைக் கழற்றாமலே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இதின்ர எஞ்சின் அதிருது. இடப்பக்க ஹாண்டில் நடுங்குது. ஒருக்காப் பார்.”

அவர் என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் மோட்டார் சைக்கிள் திருத்தினவன். முறையாகப் படித்தவன் இல்லை. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு போர்க்காலத் தடையால் பெற்றோல் வராமல் போனதும், ஓடத்தெரிந்தவன் எல்லாம் திருத்தவும் தெரிந்தவனாக மாறினான். அப்போது பெற்றோல் என்பது ஒரு சின்ன மருந்துப் போத்தலுக்குள் அடங்குகிற சாமான். நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவோம். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் இருமும், புகைக்கும், உதறும். முழங்கை வரைக்கும் விறைத்துப் போகும். அதிராத மோட்டார் சைக்கிளை நான் நாலைந்து வருடமாகப் பார்க்கவேயில்லை. அதனால் அதிர்வைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. உள்ளங்கையை எஞ்சினில் வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவேன். ஸ்குறூட்றைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்து உள்ளே எது தட்டுகிறது என்று கேட்பேன். அந்த அயலில் என்னை எல்லோரும் நம்பினார்கள். என்னை நானும் நம்பினேன்.

“எப்ப அதிருது? ஹைவேயிலயோ?” என்று கேட்டேன்.

“ஹைவேயில இறுக்கிப் பிடிச்சு ஓடேக்க அவ்வளவு இல்லை. லைற்றில நிக்கேக்கதான். சும்மா கையை வைச்சுக்கொண்டு நிக்க, நடுங்குது.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். ஓட்டத்தில் சரி, நிற்கும்போது மட்டும் பிழை. இரண்டு சிலிண்டரில் ஒன்று சோம்பேறியாக இருக்கிறது. கை நடுங்குவது இடப்பக்கம் என்றால் பிழையும் இடப்பக்கச் சிலிண்டரில்தான். இடப்பக்கப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வலப்பக்கத்ததை விட அது கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரிந்தது. தெரியவேண்டும் என்று பார்த்தால் எதுதான் தெரியாது? இரண்டையும் மாற்றினேன். இரண்டு காபரேற்றரையும் கழற்றிக் கழுவி, இரண்டும் ஒரேயளவு மூச்செடுக்கிற மாதிரிச் சரிசெய்து பூட்டினேன். எஞ்சின் மெத்தென்று ஓடியது.

“இனி ஓடிப் பாருங்கோ,” என்றேன்.

அண்ணை சாவியை என்னிடம் நீட்டினார். “நீயே ஒரு சுத்து ஓடிப் பாரன். இந்தத் தெருவுக்குள்ளதானே.”

“ஐயோ, கேஸ் முடியட்டும் அண்ணை.”

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். என் வழக்கறிஞருக்கு மொழிபெயர்த்த தமிழர் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். விசாரணை முடியும்வரைக்கும் பொலிஸின் கண்ணில் படக்கூடாது, ஒரு சின்ன அபராத ரிக்கற் கூட வாங்கக்கூடாது. மோட்டார் சைக்கிள் ஓட என்னிடம் இங்கத்தைய லைசென்ஸ் இல்லை. வழக்கு முடியாமல் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தோம். ஈ காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்கு மாறும்வரை நின்று கடந்தோம். பக்கத்து வீட்டில் பொலிஸ் வந்தால் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டோம். அந்தத் தெருவில் இருநூறு யார் தூரம் ஓடினால் யாரும் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பயம். திருப்பி அனுப்பினால் எங்கே அனுப்புவார்கள் என்பதும் தெரியும்.

ஆகவே ஒரு மோட்டார் சைக்கிளின் அதிர்வை, அதில் ஒருமுறைகூட ஏறி ஓடாமல், ஓடுகிறவரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நான் ஆராய்ந்தேன். வேறு எந்த மெக்கானிக்கும் அந்த முட்டாள்தனத்தைச் செய்யமாட்டான்.

அண்ணை ஓடிவிட்டு வந்தார். “குறைஞ்ச மாதிரித்தான் கிடக்குது,” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஒரு கிழமை அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு ஒரு மாலையில் மறுபடியும் ஹெல்மெற்றோடு வந்து வாசலில் நின்றார்.

“தம்பி, திரும்பவும் துவங்கிட்டுது.”

அன்றைக்கு நான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்கச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டு, முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். அவர் இரண்டு கையையும் கைப்பிடிகளில் மெல்ல வைத்தார். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கக் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. அதில் தெரிந்த எதிர்வீட்டு வாசல் குலுங்கியது. வலப்பக்கக் கண்ணாடி அசையாமல் நின்றது.

“பாத்தியோ?” என்றார் அண்ணை. தான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்ட ஆறுதல் அவருடைய முகத்தில் இருந்தது.

“பாத்தன். இறங்குங்கோ.”

அவர் இறங்கியதும் கண்ணாடி நின்றுவிட்டது. நான் தலையைச் சொறிந்தேன். ஆள் ஏறினால் அதிர்கிறது, இறங்கினால் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நானோ மெக்கானிக். ஆளின் பாரம் அழுத்தும்போது எங்கோ ஒரு தளர்வு வாய் திறக்கிறது என்று முடிவுகட்டினேன். எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வர, பின்பக்கத்து ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது. கையிலிருந்த ஸ்பனரைத் தூக்கிக் காட்டி, “ஆள் அம்பிட்டிட்டார்!” என்று கத்தினேன். இருபது வருடப் பழைய எஞ்சினில் ஒரு போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருக்காவிட்டால்தான் அதிசயம். அதெல்லாம் எனக்குத் தெரியும். பெருமை கண்ணை மறைத்தது.

அன்று அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து தந்தா. எனக்கு முழுக் கோப்பை. அண்ணைக்கு அரைக் கோப்பை.

“என்ன அண்ணி, மனுசனுக்கு ரீயும் அளவோ?” என்று பகிடி விட்டேன்.

அண்ணி சிரிக்கவில்லை. “அவருக்கு அது காணும்,” என்றா. அண்ணை கோப்பையை வலக்கையால் வாங்கிக்கொண்டார். நான் என் கெட்டித்தனத்தை அண்ணிக்கு விளங்கப்படுத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

ஜூன் முழுக்க இப்படியே போனது. நான் ஒன்றைத் திருத்துவேன். அண்ணை, “இப்ப பரவாயில்லை,” என்பார். பிறகு திரும்பி வருவார். சட்டத்தில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று தீப்பெட்டி அளவு கண்ணாடித்துண்டை உள்ளே விட்டுப் பார்த்தேன். செயினை இறுக்கினேன். சில்லுகளைச் சுழற்றிப் பார்த்தேன். கடைசியில் யாழ்ப்பாணத்து வைத்தியம் ஒன்று செய்தேன். பழைய சைக்கிள் ரியூபைக் கீலம் கீலமாக வெட்டி, இடப்பக்கக் கைப்பிடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மண்ணெண்ணெய்க் காலத்தில் கை விறைக்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டினோம். அண்ணைக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. “கை பதிஞ்சு நிக்குது,” என்றார். இரண்டு கிழமை ஒரு முறைப்பாடும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஜூலை தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. வெயில் கொளுத்தியது. நான் உணவகத்தில் முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அண்ணை வாசலில் நின்றார்.

“தம்பி...”

அவர் வாயைத் திறந்ததுமே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கிளாசில் விளிம்பு முட்டத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, சீற்றின்மேல் கிளாசை வைத்து, எஞ்சினைக் கிளப்பினேன். தண்ணீர் மெல்லச் சிலிர்த்தது. ஒரு துளி வெளியே வரவில்லை. கொஞ்சம் முறுக்கினேன். அப்போதும் இல்லை.

“பாருங்கோ. நல்லா வடிவாப் பாருங்கோ. இதுக்கு மேல ஒரு எஞ்சின் என்னெண்டு நிதானமா ஓடும்?”

“நான் பிடிக்கேக்க நடுங்குது தம்பி. பொய்யே சொல்லுறன்?”

“உங்களுக்குச் சொகுசு பழகிப்போச்சு அண்ணை. நீங்கள் எண்பதுகளில பிளேன் ஏறி வந்திட்டியள். நாங்கள் அங்க மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். அதில ஒருநாள் ஓடியிருந்தால் இதை அதிர்வெண்டு வாயாலயும் சொல்லமாட்டியள்.”

பத்து வருடமாக அவர் அனுப்பியதில்தான் நாங்கள் அங்கே சாப்பிட்டோம், நான் இங்கே வந்து சேர்ந்ததும் அவரால்தான். ‘நீங்கள் முதலே வந்துவிட்டீர்கள்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவர் போன்றவர்களிடம் பதில் இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் கிளாசை எடுத்துத் தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அதிர்வைப் பற்றி அவர் கதைக்கவேயில்லை. ஜூலை, ஓகஸ்ற் இரண்டு மாதமும் ஒவ்வொரு நாளும் ஒஷாவாவுக்குப் போய்வந்தார். ‘எப்படி ஓடுது?’ என்று நான் கேட்டால், ‘நல்லா ஓடுது’ என்பார். என் வாய்க்குப் பயந்து அவர் அந்த நடுக்கத்தைத் தனியே சுமந்துகொண்டு திரிந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிழை திருந்திவிட்டது, இல்லாவிட்டால் அவருடைய பிடிவாதம் திருந்திவிட்டது என்று நினைத்தேன். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம்தான்.

செப்ரெம்பர் மாதம் என் விசாரணை நடந்தது. என்னை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணி பாயசம் வைத்தா. அண்ணை என் தோளில் கையை வைத்து நெடுநேரம் நின்றார். அவருடைய கை என் தோளில் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது.

அடுத்த கிழமையே எழுத்துச் சோதனை எழுதி, மோட்டார் சைக்கிள் பழகுவதற்கான லைசென்ஸ் எடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு வந்த அன்று அண்ணைக்கு வேலை இல்லை. சாவி வழமைபோலக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. “ஒரு சுத்து ஓடிக்கொண்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மரங்களில் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. கனடாவில் நான் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிளில் ஓடினேன். பயமில்லாமல் ஓடினேன். சிவப்பு விளக்குகளில் நின்றேன். கையைக் கைப்பிடியில் தளர்த்தி வைத்தேன். இடக்கைக்குக் கீழே நான் கட்டிய ரியூப் கீலங்கள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு பூனையின் முதுகில் கையை வைத்த மாதிரி மெல்லிய உறுமல், அவ்வளவுதான். கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் நின்ற பஸ்ஸின் இலக்கத்தை ஓர் எழுத்து விடாமல் வாசிக்க முடிந்தது. அடுத்த விளக்கிலும் அப்படியே. நாலாவது விளக்கில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி. மே மாதத்திலிருந்து நான்தான் சரி.

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவிக் குசினிக்குள் போனேன். அண்ணை மேசையில் இருந்தார். அண்ணி அடுப்படியில் நின்றா.

“அண்ணை! ஒரு பிழையும் இல்லை! நாலு லைற்றில நிண்டு பாத்தனான். கண்ணாடி கூட அசையேல்லை. எஞ்சின் தங்கம்!”

அண்ணி திரும்பிப் பார்த்தா. என்னை அல்ல, அண்ணையை. அண்ணை இடக்கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

“அப்ப எஞ்சின் இல்லையோ?” என்றார்.

“எஞ்சின் இல்லை.”

“வடிவாப் பாத்தனியோ தம்பி?”

“வடிவாத்தான் பாத்தன்.”

“இன்னொருக்கால் பார். இடப்பக்கத்தை ஒருக்காக் கழட்டிப் பார். ஏதாவது கிடக்கும்.”

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. அண்ணை என்னிடம் ஒருநாளும் கெஞ்சியதில்லை. அவர் வலக்கையால் தேநீர்க் கோப்பையை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை இடக்கைக்கு மாற்றி, எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இருந்தார். அரைக் கோப்பைத் தேநீர். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல மெல்ல அலை எழும்பியது. கோப்பையின் ஒரு சுவரில் அடித்து மறு சுவரில் அடித்தது. ஜூலை மாதம் நான் எஞ்சினுக்கு வைத்த அதே சோதனையை அண்ணை எனக்கு முன்னால் தனக்கு வைத்துக் காட்டினார்.

அண்ணி வந்து கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டா.

“மாசி மாசத்தில இருந்து நான் அரைவாசிதான் ஊத்துறனான்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னா. “டொக்ரரிட்டப் போவம் எண்டால், தம்பி திருத்துறான், பாப்பம் எண்டு சொல்லுறார்.”

நான் அழுதேன். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மெக்கானிக் என்று நெஞ்சை நிமிர்த்திய அந்த நான்கு மாதமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடி, ஆள் ஏறினால் அதிர்வு, அரைக் கோப்பை, தோளில் நடுங்கிய கை. நான் தொட்டுப் பார்க்காத பாகம் அந்த மோட்டார் சைக்கிளில் ஒன்றும் இல்லை. அண்ணையின் கையை மட்டும் நான் ஒருநாளும் பிடித்துப் பார்க்கவில்லை. அவரோ எஞ்சினில் பிழை என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு கிழமை நிம்மதியாக இருந்திருக்கிறார். எஞ்சின் என்றால் திருத்தலாம். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப என்னிடம் வந்திருக்கிறார். அந்த வழியையும் ஜூலையில் நான் கிளாசை வைத்து அடைத்துவிட்டேன்.

நவம்பரில் நரம்பு வைத்திய நிபுணரிடம் போனோம். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் வைத்தியர் அண்ணையை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு சுருளை உள்ளிருந்து வெளியே சுற்றி வரையச் சொன்னார். கைகளை மடியில் சும்மா வைத்துக்கொண்டு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். அண்ணை எண்ணினார். எண்பதுக்கு வருவதற்குள் இடக்கை மடியில் துள்ளத் தொடங்கிவிட்டது. நடுக்குவாதம் என்று நாங்கள் சொல்கிற வருத்தம். வயதானவர்களுக்குத்தான் கூடுதலாக வருவது, சிலருக்கு நாற்பதுகளிலேயே வந்துவிடும் என்றார். மருந்து இருக்கிறது, ஆனால் அடியோடு மாற்றுகிற மருந்து இல்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

“குளிர் முடியிற நேரம்,” என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார்.

இவ்வளவு காலம் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ர தம்பி திருத்திக்கொண்டிருந்தவன்,” என்றார். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார். வைத்தியர் விளங்காமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

முதலே வந்திருந்தாலும் வருத்தம் இதேபோலத்தான் இருந்திருக்கும், சில மாதத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று வைத்தியர் சொன்னார். அண்ணை அதை இன்னொருமுறை சொல்லும்படி கேட்டார். அவருக்கு முதல் தடவையே விளங்கியிருந்தது. நான் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய வேலை மாறியது. திருகாணி பூட்டுகிற மேசையிலிருந்து எழுப்பி, பெட்டிகளை எண்ணி வைக்கிற இடத்தில் விட்டார்கள். நல்ல மனிதர்கள், வேலையை விட்டு நிறுத்தவில்லை. அண்ணை மறுபடியும் அடுத்தவர்களின் வானில் போய்வந்தார். மோட்டார் சைக்கிளின் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். வலக்கையால்தான் தந்தார்.

அடுத்த மே மாதம் எனக்கு ஆளேற்றி ஓடுகிற லைசென்ஸ் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிழக்கே ஓடினேன். ஹைவேயில் இல்லை, ஏரிப்பக்கத்துத் தெருக்களால். பின்னால் ஏறுவதற்கு அவருக்கு நேரம் எடுத்தது. கால் ஒன்று கொஞ்சம் பின்தங்கத் தொடங்கியிருந்தது. ஏறி இருந்து இரண்டு கையையும் என் தோள்களில் வைத்துக்கொண்டார்.

ஓடும்போது தெரியவில்லை. முதலாவது சிவப்பு விளக்கில் நின்றேன். எஞ்சின் மெத்தென்று உறுமிக்கொண்டிருந்தது. என் இடத்தோளில் அந்த நடுக்கம் தொடங்கியது. ஜக்கெற்றுக்குள்ளால், சட்டைக்குள்ளால், எலும்பில் வந்து தட்டியது. கண்ணாடிகள் இரண்டும் அசையாமல் இருந்தன. இடப்பக்கக் கண்ணாடியில் அண்ணையின் ஹெல்மெற் தெரிந்தது. அவர் முன்னுக்குக் குனிந்து என் காதுப்பக்கம் வந்தார்.

“தம்பி, அதிருதோ?”

விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருந்தது.

“ஓம் அண்ணை. இடப்பக்கம் கொஞ்சம் அதிருதுதான். போல்ட்டுகளை ஒருக்காப் பாக்கவேணும்.”

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் அண்ணை. “நீதான் கேக்கேல்லை.”

வீட்டுக்கு வந்ததும் ஸ்பனர் பெட்டியை எடுத்தேன். அண்ணி வாசலில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தா. அண்ணை அதில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, ஏற்கெனவே இறுகிக் கிடந்த போல்ட்டுகளை நான் ஒவ்வொன்றாக இறுக்கினேன்.